2016 புயலால் புளோரிடா தன் சொந்த மைதான ஆட்டத்தை இழந்ததா? – உண்மை விளக்கம்

புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்களிடையே ஒரு தகவல் சுற்றுகிறது: 2016இல் மேத்யூ புயலால் புளோரிடா பல்கலைக்கழகம்–எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணிகளின் ஆட்டம் அதே வாரத்தில் எல்.எஸ்.யு.வின் ஊரான பேட்டன் ரூஜுக்கு மாற்றப்பட்டது, புளோரிடா தன் சொந்த மைதான ஆட்டத்தை ஈடின்றி இழந்தது என்பது அது. இடம் மாறியது உண்மை, மற்றவை தவறு.

அக்டோபர் 8 அன்று புளோரிடா அணியின் ஊரான கெய்ன்ஸ்வில்லில் நடக்கவிருந்த ஆட்டம், இரு நாள் முன்னதாக ஒத்திவைக்கப்பட்டதே தவிர, அன்று வேறெங்கும் நடத்தப்படவில்லை. மறுவாரம்தான், இரு அணிகளும் ஆடும் போட்டிக் கூட்டமைப்பான சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் அதனை நவம்பர் 19க்கு, பேட்டன் ரூஜில் நடத்துவதாக அறிவித்தது. அந்த நாளில் இரு அணிகளுக்குமே சொந்த மைதானத்தில் ஆட்டம் இருந்ததால், எல்.எஸ்.யு. சவுத் அலபாமாவுடனும், புளோரிடா பிரஸ்பிடீரியன் கல்லூரியுடனும் ஆடவிருந்தவற்றைக் கைவிட நேர்ந்தது. கெய்ன்ஸ்வில் ரசிகர்களின் மனக்குறைக்கு இது நியாயமான காரணமே.

ஆனால் ஈடு கிடைத்தது. பேட்டன் ரூஜில் நடந்திருக்க வேண்டிய 2017 ஆட்டம் கெய்ன்ஸ்வில்லுக்கு மாற்றப்பட்டது. 2018 ஆட்டமும் முறைப்படி அங்கேயே நடந்ததால், எல்.எஸ்.யு. தொடர்ந்து இரு ஆண்டுகள் அங்கு பயணிக்க வேண்டியதாயிற்று.

இடமாற்றமே புளோரிடாவைத் தோற்கடித்தது என்பாரும் உண்டு. உண்மையில் 16–10 என வென்றது புளோரிடாதான். கோல் கோட்டை ஒட்டி எல்.எஸ்.யு. மேற்கொண்ட கடைசி முயற்சியை முறியடித்து, அந்தக் கூட்டமைப்பின் கிழக்குப் பிரிவில் முதலிடத்தையும் அன்றே உறுதிசெய்தது.