டம்ளரைப் பிரித்து வைத்தால் டி.பி. நிற்காது

நம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒருவருக்கு டி.பி. (காசநோய்) என்று தெரிந்தால் முதல் வேலையாக அவருடைய தட்டும் டம்ளரும் தனியாகப் போகும். அடுத்து பாய். அதற்கடுத்து பேச்சுவார்த்தையும் நின்றுவிடும். ஆனால் குளிர் இறங்கியதும் வீட்டிலுள்ள ஐந்தாறு பேரும் அதே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (அறையில்) கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். தட்டில் தொற்றாத நோய்க்குத் தட்டைப் பிரித்துவிட்டு, தொற்றுகிற காற்றை மட்டும் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிறோம்.

இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் கிருமி துளித்துளியாக வெளியே வரும். பெரிய துளிகள் கீழே விழுந்துவிடும், அவற்றால் பெரிய தொல்லை இல்லை. ஈரம் வற்றி 1 முதல் 5 மைக்ரோன் அளவுக்குச் சுருங்கியவைதான் நுரையீரலின் அடிவரை போகும். அடைத்த அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். இருமியவர் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போன பிறகும் காம்பராவில் இருக்கும். மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு, அங்கே காற்றும் வெயிலும் கிருமியை விட்டுவைக்காது.

பின்சுவரோடு பின்சுவர் ஒட்டிக் கட்டிய பழைய லயத்தில் பின்னால் ஜன்னல் வைக்க இடமே கிடையாது. முன்கதவை மூடினால் காற்றுக்கு வழி போச்சு. சில லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது, அந்த இடைவெளியால் பக்கத்து வீட்டு அடுப்புப் புகை வருகிற மாதிரி இருமல் காற்றும் வரும். இதையெல்லாம் பார்க்காமல் "தோட்டத்து ஆளுங்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. வாசலைத் தினம் கூட்டி மெழுகுகிற வீட்டிலும் டி.பி. வரும்.

அப்படியானால் ஒரே காற்றைச் சுவாசித்த எல்லோருக்கும் ஏன் வருவதில்லை? கிருமி உள்ளே போவது வேறு, நோயாக எழும்புவது வேறு. தொற்றிய பத்துப் பேரில் ஆயுளுக்கும் சேர்த்து ஒருவருக்குத்தான் நோய் வரும், அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள். அந்த ஒருவர் யார் என்பதைத் தலைவிதி மட்டும் தீர்மானிப்பதில்லை. சீனி வியாதி இருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. சிகரெட், பீடி, சாராயம், அடுப்புப் புகை எல்லாம் கணக்கில் சேரும். எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது வயிறு.

இந்தியாவின் ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வந்த முடிவின்படி, அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 வீதம் குறைந்தது. நம் பக்கம் 2016 கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரமில்லாத சிறு பிள்ளைகள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதத்தை ஒட்டி. காலையில் கோதுமை ரொட்டி, சம்பல், கூடவே சாயத் தேத்தண்ணி. தேயிலைச் சாயம் சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். பருப்பு, முட்டை, நெத்தலி இவற்றுக்குக் காசு இல்லாத வீட்டில் "எதிர்ப்புச் சக்தி" பானம் பற்றிப் பதிவு போடுவது பாவம்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இருந்தால் சளிப் பரிசோதனை. அங்கேதான் பல தடவை கோட்டை விடுகிறோம். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி இருந்தாலும் தெரியாது. காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, வெளியே திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கெட்டியான சளியை எடுக்க வேண்டும். காம்பராவுக்குள் எடுக்காதீர்கள்.

மருந்து இலவசம். வழக்கமான டி.பி.க்கு ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம், பயந்து நிறுத்த வேண்டாம். கண் மஞ்சளானாலோ தொடர்ந்து வாந்தி வந்தாலோ உடனே நெஞ்சு நோய் கிளினிக்குக்குப் போங்கள். ஒரு மாதத்தில் இருமல் அடங்கும், எடை ஏறும், கிளினிக் போனால் அன்றைய பேர் (சம்பளத்துக்கான வருகைப் பதிவு) விழாது என்ற கணக்கும் சேரும்; அப்போதுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கிருமி மருந்துக்குப் பழகித் திரும்பி வரும். இதில் நோயாளியைத் திட்டிப் பயனில்லை. மருந்தைப் பக்கத்து டிஸ்பென்சரியிலேயே விழுங்க ஏற்பாடும், கிளினிக் நாளுக்குச் சம்பளமும் தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய காரியம்.

சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு கிழமையில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை அவர் கதவோரம் படுக்கட்டும், ஜன்னலில் அடித்த தகரத்தைக் கழற்றுங்கள், பிள்ளைகள் வேறு வீட்டில் தூங்கட்டும். வீட்டார் எல்லோரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நோய் இல்லையென்றாலும் தடுப்பு மருந்து உண்டு. பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. தடுப்பூசி டி.பி. மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான வகைகளைத்தான் நன்றாகத் தடுக்கும். நடுச்சுவர் கூரையைத் தொடாத லயமென்றால், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பரிசோதனைக்குப் பெயர் எழுதும்போது பக்கத்துக் காம்பராக்காரர்களின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.