அணை பக்கத்தில் இருந்தால் போதாது

"அகோசோம்போ அணைக்குப் பக்கத்தில் இருப்பதால் கானாவின் அஃப்ராம் சமவெளிக்குக் கரண்டும் சாலையும் எப்போதோ வந்துவிட்டன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. 1965-இல் முடிந்த அந்த அணையின் மின்சாரத்தில் பெரும்பங்கு முதலில் தேமா நகரின் அலுமினிய ஆலைக்குத்தான் போனது. அணை தேக்கிய வோல்டா ஏரியோ சுமார் 80,000 பேரைக் குடிபெயர்த்தது. சமவெளியைத் தெற்கிலிருந்து தண்ணீரால் பிரித்தும் விட்டது. சமவெளிக் கரையில் உள்ள எக்யே அமன்ஃப்ரோம் படகுத்துறையில் வள்ளிக்கிழங்கு லாரிகள் ஃபெர்ரிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். ஃபெர்ரி ஓடாத கரைகளில் மரப்படகுதான். முங்கிய காட்டின் பட்டமரங்கள் இன்னும் தண்ணீருக்கடியில் நிற்கின்றன; அவற்றில் மோதிக் கவிழ்ந்து எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. சமவெளியின் டாங்கோர்க்ரோம் போன்ற ஊர்களில் கரண்ட் உண்டு, மறுக்கவில்லை. தீவுகளுக்குக் கம்பி இழுப்பது கடினம் என்பதால்தான் ஏரியின் சில தீவுகளில் அரசு தனியாகச் சூரிய மின்நிலையங்களை அமைத்தது.