வாங்கியவனை விடுங்கள், விற்றவனைக் கேளுங்கள்

அந்த வீடியோவை நான் பகிரவில்லை. பகிரவும் மாட்டேன். எல்லார் பக்கத்திலும் ஓடுவதால் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தம்பி வாங்கி ஒரு வாரமே ஆன பழைய கார், கம்பளை-நுவரெலியா ரோட்டில் இறம்பொடை ஏற்றத்தில் கொதித்து நிற்கிறது. பொனட் திறந்திருக்கிறது, ஆவி பறக்கிறது, மனைவி கைக்குழந்தையோடு ரோட்டோரம் நிற்கிறார், அந்தத் தம்பி தண்ணிப் போத்தலோடு அங்கும் இங்கும் ஓடுகிறார். எடுத்தவர் சிரித்துக்கொண்டே எடுக்கிறார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கீழே வந்த கொமெண்டுகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பார்த்து வாங்கத் தெரியாதவனுக்கு எதுக்குக் கார்?" "லயத்துல இருந்தவனுக்கு இப்ப கார் கேக்குது." லயம் என்றால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு. எழுதியவர்களில் பலர் நம்ம மலையகத்துக்காரர்கள்.

ஓ/எல் பரீட்சை எழுதிய கையோடு கராஜில் சேர்ந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வாங்கி ஒரு வாரம் ஆன வண்டி ஏற்றத்தில் கொதிக்கிறது என்றால், அந்தக் கோளாறு பெரும்பாலும் அந்த ஒரு வாரத்தில் வந்தது இல்லை. வண்டியோடு சேர்த்து விற்கப்பட்டது. விற்றவருக்கு அநேகமாகத் தெரிந்தே இருக்கும். கொதிக்கிற வண்டி தானாக நல்ல வண்டி போல நிற்காது. அப்படி நிற்க வைக்க யாராவது கை வைத்து வேலை செய்திருக்க வேண்டும்.

அந்த வேலையை நாங்கள் கராஜில் அடிக்கடி பார்க்கிறோம். தெர்மோஸ்டட்டை, அதாவது தண்ணி சூடான பிறகு மட்டும் ரேடியேட்டருக்கு வழி விடுகிற வால்வை, கழற்றி எறிந்துவிடுவார்கள். தண்ணி எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும், தட்டையான ரோட்டில் சூடு ஏறாது. ரேடியேட்டர் ஃபேனுக்கு நேரடியாக வயர் கொடுத்து, சாவி போட்டதும் சுற்ற வைப்பார்கள். ஓட்டை இருந்தால் லீக் அடைக்கிற மருந்தை ஊற்றுவார்கள். அது ஓட்டையோடு ரேடியேட்டரின் சின்னக் குழாய்களையும் அடைக்கும். கடைசியாக என்ஜினை நன்றாகக் கழுவிவிடுவார்கள், ஒழுகிய கறை போய்விடும். நீங்கள் போய்ச் சேரும்போது வண்டி ஸ்டார்ட்டில் நிற்கும். "உங்களுக்காக ஏசி போட்டு வச்சிருக்கேன் அண்ணே" என்பார்கள். குருநாகல் பக்கம் தட்டையான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டுவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ரோடு.

நம்ம ரோடு அப்படியா? கம்பளையிலிருந்து நுவரெலியா போய்ச் சேருவதற்குள் சுமார் 1400 மீற்றர் உயரம் ஏறுகிறோம். சின்ன கியர், முழுப் பாரம், மெதுவான வேகம். முன்னால் காற்று அடிக்காது, என்ஜினோ முழு மூச்சில் இழுக்கிறது. இன்னொரு விசயத்தைப் பலர் யோசிப்பதில்லை. உயரம் ஏற ஏற தண்ணி சீக்கிரம் கொதிக்கும். நுவரெலியா 1868 மீற்றர், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணி கொதிக்க சுமார் 94 டிகிரி போதும். தெர்மோஸ்டட் பெரும்பாலும் 82க்கும் 88க்கும் இடையில்தான் திறக்கிறது. பல வண்டிகளில் ஃபேன் 95 பக்கம்தான் சுற்றத் தொடங்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் 110ஐத் தாண்டியும் தண்ணி கொதிக்காது. அந்த மூடியின் ரப்பர் தேய்ந்து போயிருந்து, உள்ளே கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணியில் கலக்கிற மருந்து) இல்லாத வெறும் தண்ணியும் இருந்தால், ஃபேன் சுற்றுவதற்கு முன்பே கொதித்துவிடும். எவ்வளவு அழுத்தம் பிடிக்கும் என்று மூடியின் மேலேயே 0.9, 1.1 என்று போட்டிருக்கும். எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? குருநாகலில் ஓடிய வண்டி இறம்பொடையில் நிற்பதற்கு இது போதும், அந்தத் தம்பியின் கெட்டித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

என் தாய்மாமா கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டத்தில் ஃபெக்டரி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கையில் வந்த ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) காசில் பழைய வேன் ஒன்று எடுத்தார், பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றி இறக்கலாம் என்று. வாழ்நாள் உழைப்பு அந்த வேன். எங்களுக்கு சர்ப்ரைஸ் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் போய் வாங்கி வந்தார். "மாப்ள, வந்து பாருடா, வண்டி கண்ணாடி மாதிரி இருக்கு" என்று போன் பண்ணிய சந்தோசம் இன்னும் காதில் இருக்கிறது. கினிகத்தேனை ஏற்றத்தில் நின்றது. கராஜுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். மறுநாள் வண்டி ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் உள்ளே பிளேன்டீ நிறத்தில் தண்ணி. மேல் ஹோஸைக் கழற்றி தெர்மோஸ்டட் இருக்க வேண்டிய இடத்தில் விரலை விட்டேன். ஒன்றும் இல்லை, வெறும் கூடு. ஃபேன் வயரைப் பார்த்தால் புது இன்சுலேசன் டேப், ஒட்டிய பசை இன்னும் காயவில்லை. என்ஜினின் மேல் பாகமான ஹெட் வளைந்து, அதன் அடியில் அடைப்பாக இருக்கும் கஸ்கட் போய்விட்டது. மாமா ஒரு ஓரமாக பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. விற்றவருக்குப் போன் எடுத்தால் "ஏத்தத்துல அப்படி ஓட்டுனது உங்க பிழை" என்றார். பிறகு போன் எடுக்கவே இல்லை. அந்த வீடியோவில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது எனக்கு மாமா முகம்தான் தெரிகிறது.

"வாங்குறவன்தானே பார்த்து வாங்கணும்" என்று சொல்வீர்கள். சரி, பார்க்கத்தான் வேண்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா? சிரிக்க வந்த நேரத்தில் இதை எழுதியிருக்கலாமே. நான் எழுதுகிறேன்.

காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் வைக்கச் சொல்லுங்கள். பொனட்டில் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆறியிருந்தால் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள் (சூட்டில் திறந்தால் முகமே வெந்துவிடும்). தண்ணி கழுத்து வரை இருக்க வேண்டும், துரு நிறமோ எண்ணெய்ப் படலமோ இருக்கக்கூடாது. வோட்டர் பம்புக்குக் கீழே, ஹோஸ் முனைகளில் பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்த மாதிரி கறை இருந்தால் ஒழுகியிருக்கிறது. பிறகு மூடி திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்துக்குக் குமிழி வரலாம், உள்ளே அடைபட்ட காற்று அது. குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது தண்ணி மேலே பீறிட்டால், ஹெட் கஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். மூடியைப் போட்டுவிட்டு மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டட் இருந்தால் கொஞ்ச நேரம் ஆறலாகவே இருந்து, அது திறந்ததும் சட்டென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தால் உள்ளே அது இல்லை. ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்கும் வரை காத்திருங்கள். ஏசியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஏசிக்காகச் சுற்றும். ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள், என்ஜின் சூடான பிறகும் குளிர் காற்று வந்தால் தண்ணி குறைவாக இருக்கலாம், அல்லது ஹீட்டர் பைப்பை மாற்றிப் போட்டிருக்கலாம். நம்ம குளிருக்கு ஹீட்டரும் தேவைதானே.

ஒயில் மூடிக்குக் கீழே வெள்ளையாக இருந்தால் கஸ்கட் போச்சு என்று பலர் சொல்வார்கள். நுவரெலியாக் குளிரில் கிட்டத்தில் மட்டும் ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து கொஞ்சம் அப்படி வரும். அதை மட்டும் வைத்து நல்ல வண்டியைத் தள்ளிவிடாதீர்கள். ஒயில் அளவு பார்க்கிற கம்பியிலும் (டிப்ஸ்டிக்) பால் கலந்த மாதிரி இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

வேகன் ஆர், விட்ஸ் மாதிரிப் பல வண்டிகளில் சூடு காட்டும் முள்ளே கிடையாது. என்ஜின் ஆறியிருந்தால் நீல லைட், சூடு மிஞ்சினால் சிவப்பு லைட், அவ்வளவுதான். சிவப்பு எரியும்போது பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் எத்தனை டிகிரி என்று போனிலேயே தெரியும். வாங்கும் முன் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். கடுகண்ணாவை ஏற்றமாவது இருக்கிறது. ஏற்றத்துக்குத் தர மாட்டேன் என்று சொல்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

"கூலண்ட் எல்லாம் பனி கொட்டுற நாட்டுக்கு, அந்தக் காலத்து லொறி எல்லாம் ஆத்துத் தண்ணியிலதானே ஓடுச்சு" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, அந்த லொறி வார்ப்பிரும்பு என்ஜின், இன்றைய ஹெட் அலுமினியம். கூலண்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை. துருவைத் தடுக்கும், கொதிநிலையை உயர்த்தும், பம்பைக் காக்கும். நீங்கள் ஓட்டிய காலத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கொமெண்டின் கடைசியில் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று போட்டீர்களே, அது தேவையில்லை.

"எல்லா விற்பனைக்காரரும் அப்படி இல்ல." இல்லைதான். நல்லவர்களை நான் குறை சொல்லவில்லை.

"நீ கராஜ்காரன், உனக்கு வேலை வரணும்னு பேசுற." இல்லை. ஹெட் கஸ்கட் போனால்தான் எனக்கு வருமானம். வாங்கும் முன்பே பாருங்கள் என்று சொல்வதில் எனக்கு ஒரு சதமும் கிடைக்காது.

உண்மையில் என்னைச் சுட்டது ரேடியேட்டர் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அத்தனை காலமும் இருந்த வண்டிகளே கை மாறி மாறி விலை ஏறின. அந்த விலையில் நம்ம பிள்ளை ஒருவன் கடையில் நின்று, கொழும்பில் வேலை செய்து, சீட்டுப் பிடித்து, லீசிங் போட்டு ஒரு பழைய காரை வாங்கி, பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வருகிறான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? 2023இல், தோட்ட வேலைக்கு நம்ம ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருசம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது எத்தனை பேர் ஹார்ட் போட்டீர்கள். செத்துப்போன தாத்தா நடந்து வந்தார் என்றால் கண் கலங்குகிறது, உயிரோடு இருக்கும் பேரன் காரில் வந்தால் மட்டும் ஏன் பொறுக்கவில்லை? வேறு ஆட்கள் எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். நீங்கள் எழுதினீர்கள். என் ஃபிரெண்ட் லிஸ்டில் இருப்பவர்கள் எழுதினீர்கள்.

விற்றவனை ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை கொமெண்டையும் படித்தேன், "யாரிடம் வாங்கினீர்கள் தம்பி, ரசீது இருக்கிறதா, போய்ப் பேசுவோமா" என்று ஒருவர் கேட்டிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள், கூட வர ஆள் இல்லை என்றால் இன்பொக்ஸில் எழுதுங்கள். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். காசு வேண்டாம். தூரம் என்றால் வீடியோ கோலில் காட்டுங்கள், எதைத் தொட வேண்டும் என்று சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுத்த பிறகு இல்லை, கொடுப்பதற்கு முன்னால் எழுதுங்கள்.