குடை கொடுத்த கப்பல் கம்பெனி

நாலாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. வ.உ.சி. பற்றி இரண்டு நிமிடம். ஒரு பக்கம் எழுதியும் கொடுத்திருந்தார்கள். ஒட்டப்பிடாரம், 1872, வக்கீல், கப்பல், கோவைச் சிறை, செக்கு. "செக்கிழுத்த செம்மலே!" என்று கையை உயர்த்தி முடிக்க வேண்டும். அட்டையில் செக்கு செய்து கொண்டுவந்தால் கூடுதல் மார்க்காம். நேற்று வெட்டி ஒட்டி முடிக்கும்போது ராத்திரி பதினொன்று.

பக்கத்தில் உட்கார்ந்து பசை எடுத்துக் கொடுத்தவள் கேட்டாள்: "அவர் ஜெயில்ல இருந்தப்ப கப்பலை யாரும்மா ஓட்டுனா?"

அந்தத் தாளில் இதற்குப் பதில் இல்லை. கப்பலுக்கு ஒரு வரி, செக்குக்கு நாலு வரி. மனிதர் செக்கிழுக்கவே பிறந்த மாதிரி!

சரி என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பத்து லட்சம் எப்படி வந்தது என்று அவளே பெருக்கிப் பார்த்தாள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. கொழும்புக்குப் போகும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் அவர்கள் இலவசமாகவே கூட்டிப்போகிறோம், ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள்.

குடை என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் முகம் மாறிவிட்டது. "குடை வாங்கிட்டு அதுல போனவங்க கெட்டவங்களாம்மா?"

இந்தக் கேள்வியை எந்தச் செக்கும் கேட்க வைக்காது. கையில் காசில்லாதவன் இலவசத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று நான் திருப்பிக் கேட்க, அரை மணி நேரம் போனது. காலனி ஆட்சி பீரங்கியால் மட்டும் நடக்கவில்லை, டிக்கெட் விலையாலும் நடந்தது என்பது ஒன்பது வயதுக்குப் புரிகிறது. நாம்தான் சொல்வதில்லை.

1908இல் தூத்துக்குடியின் கோரல் நூல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. கூட நின்றார், அதில் ஜெயிக்கவும் செய்தார்கள். அதே வருஷம் மார்ச்சில் கைது. இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்கு முந்தைய வருஷமே கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. அவளுடைய முதல் கேள்விக்கு அதுதான் பதில்.

சின்னக் குழந்தையிடம் தோல்வியை எதற்குச் சொல்ல வேண்டும் என்பார்கள். கேரம் போர்டில் தினமும் தோற்கிற குழந்தைகள்தானே? மறைத்தால்தான் விநோதம்.

விடுதலைக்குப் பிறகு வக்கீல் தொழிலுக்கான உரிமமும் இல்லாமல் வறுமையில் திண்டாடினார். உரிமம் திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையரை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர் வெள்ளைக்காரர் பெயரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். இதை மேடையில் சொன்னால் எத்தனை நடுவர்களுக்குப் பிடிக்குமோ தெரியாது. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

நாளைக்குப் போட்டி. செக்கு வேண்டாம், குடையைக் கொண்டுபோகிறேன் என்கிறாள். மார்க் போனால் போகிறது என்று சொல்லிவிட்டேன். பதினொரு மணி வரை ஒட்டிய அட்டையைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.