நிற்கும் வண்டிக்கு யார் கூலி தருவது?

கன்டெய்னர் டிரெய்லர் வாங்கினால் லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டும் அந்த வீடியோவை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். அதற்குக் கீழே நான் கேட்ட கேள்வியையும் எனக்கு வந்த பதிலையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். "தோற்றவர்கள் பேச்சைக் கேட்டால் யாரும் முன்னேற முடியாது சார்." என்னைத்தான் சொன்னார்கள், இந்தத் தொழிலில் இறங்கித் தோற்றவன் நான். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் மூன்று பேர் என்னோடு ஒரே ஷெட்டில் வண்டி நிறுத்தியவர்கள். அது வலித்தது, மறைக்கவில்லை.

ஆனால் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாலைந்து லாரி வைத்திருப்பவர் இரண்டு டிரெய்லர் வாங்கித் துறைமுகக் கன்டெய்னர் லோடில் இறங்கினால் மாதம் இருபது ட்ரிப் நிச்சயம் என்று வீடியோ போட்டவர் பலகையில் கணக்குப் போடுகிறார். டீசல், டயர், டிரைவர் சம்பளம், தவணை, இன்சூரன்ஸ் என்று எல்லாம் வரிசையாக வருகிறது. நான் கேட்டது இதுதான்: துறைமுகக் கேட்டில் வண்டி நிற்கும் நேரத்தை எந்த வரியில் எழுதினீர்கள்?

கன்டெய்னர் தொழிலில் ஓடுவதற்குக் கூலி உண்டு, நிற்பதற்குக் கூலி இல்லை. நிற்காமல் ஓடவும் முடியாது.

ஓர் இறக்குமதிப் பெட்டியை, அதாவது கன்டெய்னரை, எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் துறைமுகத்தில் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் டெர்மினலின் கேட்டில் வரிசை. உள்ளே போனால் நம் பெட்டி அடுக்கில் நாலாவதாக, அடியில் இருக்கும். மேலே உள்ளதை எல்லாம் கிரேன் எடுத்து வைக்கும்வரை நிற்க வேண்டும். அப்புறம் கம்பெனி வாசல். அங்கே இறக்க ஆள் இல்லை, இடம் இல்லை, "நாளைக் காலை பார்க்கலாம்". அது முடிந்தால் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க எம்ப்டி யார்டு. அங்கே போன பிறகுதான் "இன்று இந்த லைன் (கப்பல் கம்பெனி) பெட்டி எடுப்பதில்லை, வேறு யார்டுக்குப் போ" என்பார்கள். நாலு இடத்தில் நின்று, மூன்று தடவை ஓடி, ஒரு ட்ரிப்புக்கு பில் போடுகிறோம். சாதாரண லோடில் இறக்கிய இடத்திலிருந்து ரிட்டர்ன் லோடு தேடலாம். கன்டெய்னரில் பெட்டி நம் முதுகில் இருக்கிறது, அதை அதன் சொந்தக்காரரிடம் சேர்க்கும்வரை நாம் எங்கும் போக முடியாது.

வீடியோவில் மால்கம் மெக்லீன் பெயரையும் இழுத்திருக்கிறார். "அவரும் லாரிக்காரர்தான், கன்டெய்னரால் உலகத்தையே மாற்றினார்" என்று. உண்மைதான். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு கிளம்பியது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆன காலத்தில் பெட்டியாக ஏற்ற 16 சென்ட்தான் ஆனது என்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மிச்சம் கப்பலுக்கு. மெக்லீன் பஞ்சுப் பொதியோடு துறைமுகத்தில் நாள் முழுக்கக் காத்திருந்தபோதுதான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு, அவரே சொன்னது. அது அப்படியே நடந்ததா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். நடந்ததோ இல்லையோ, கப்பல் காத்திருப்பதைத்தான் அவர் ஒழித்தார். லாரி காத்திருப்பது கேட்டுக்கு வெளியே நகர்ந்து அப்படியே இருக்கிறது. அவர் கப்பலில் இறங்கியபோது கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரிகள் இருந்த பெரிய கம்பெனி. இரண்டு டிரெய்லருக்குத் தவணை கட்டும் ஆளிடம் அவரைக் காட்டி ஆசை காட்டுவது சரியில்லை.

இப்போது கப்பல்களும் பெருத்துவிட்டன. 24,000 பெட்டி அளவு தாங்கும் கப்பல்கள் ஓடுகின்றன. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரு கப்பல் ஆறு நாள் குறுக்கே நின்றதற்கு உலகத் துறைமுகங்கள் எத்தனை வாரம் திணறின என்று எல்லாருக்கும் தெரியும். கப்பல்கள் தாமதமாகி மொத்தமாக வந்து கொட்டும்போது எல்லாருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். அன்றைக்கு வாடகை ஏறுகிறது என்று சந்தோஷப்படுவார்கள். அன்றைக்குத்தான் வரிசையும் நீளும்.

"வண்டி நிற்பதற்கு ஹால்டிங் சார்ஜ் வாங்கத் தெரியாதது உங்கள் தப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதில் பாதி நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு, எம்ப்டி யார்டு மாறினால் யார் தருவது, பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் லைன் கேட்கும் டிடென்ஷன் பணம் யார் தலையில் என்று முதல் லோடுக்கு முன்னாலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். நான் வாய்ப்பேச்சை நம்பினேன். ஆனால் எழுதி வாங்க நமக்கு என்ன பலம் இருக்கிறது? இரண்டு டிரெய்லர் வைத்திருப்பவன் நிபந்தனை போட்டால் லோடு தரும் ஏஜென்ட் அடுத்தவனைக் கூப்பிடுவார். இருநூறு வண்டி வைத்திருப்பவர் போட்டால் கையெழுத்துப் போடுவார். போதாததற்கு பில் பணம் வர இரண்டு மூன்று மாதம், டீசலுக்கோ கைமேல் காசு. வளர்ந்தால் லாபம் என்கிறார்கள். இங்கே வளர வளரக் கடன்தான் முதலில் வளரும்.

"எல்லாரும் தோற்கவில்லையே" என்பவர்களுக்கு: இல்லைதான். நான் தோற்றவர்களைப் பற்றிப் பேசவில்லை, கணக்கில் விட்டுப்போன வரியைப் பற்றிப் பேசுகிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள். இரண்டு டிரெய்லர், பதினான்கு மாதம், அதோடு இரண்டும் கைவிட்டுப் போயின. முதல் வாரம் என்னிடம் பத்து வருடம் ஓட்டிய டிரைவரோடு நானே எம்ப்டி, அதாவது காலிப் பெட்டி, எடுக்கப் போனேன். பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போய் நிற்கச் சொன்னார். வெளியே இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினார். கும்மிருட்டு, அடுப்புக்குள் நிற்பது போல அனல். கண் பழகியதும் கூரை மூலையில் ஊசிமுனை அளவு ஒரு வெளிச்சம். அவ்வளவு சின்ன ஓட்டை போதும், மழையில் சரக்கு நனையும், கேள்வி நம்மிடம்தான் வரும். அந்தப் பெட்டியை மாற்றி வாங்க மூன்று மணி நேரம். அதற்கும் கூலி இல்லை.

அப்புறம் ஒரு ராத்திரி. பதினாறு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு பெட்டி கிடைத்தது. அதே டிரைவர் தூக்கக் கலக்கத்தில், வலது பக்கத் தகடு அடிபட்டு நசுங்கியிருந்ததை, பெட்டி கைமாறும்போது அதன் நிலையை எழுதும் இன்டர்சேஞ்ச் சீட்டில் குறிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். திருப்பிக் கொடுக்கும்போது அந்த அடி எங்கள் அடி ஆகிவிட்டது. ரிப்பேர் பில் வந்தது. அதில் ஒரு பகுதியை நான் அவர் படிப் பணத்தில் பிடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பதினாறு மணி நேரம் கழிப்பறைகூட இல்லாத இடத்தில் ஒரு மனுஷனை நிற்க வைத்துவிட்டு, அவர் கண் ஏன் சரியாகப் பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறேன். டிரெய்லர் போனதை விட எனக்கு அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அந்தப் பலகையில் டிரைவருக்கு ஒரு வரிதான், சம்பளம். சீல் போட்ட பெட்டிக்குள் சரக்கை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று டிரைவருக்குத் தெரியாது, திறந்து பார்க்கவும் கூடாது. ஒரு பக்கம் சாய்த்து ஏற்றியிருந்தால் முதல் வளைவில்தான் தெரியும். கப்பலில் ஏற்றும் பெட்டியின் எடையைச் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க விதி. எடை சரியாக இருந்தும் அடுக்கியது தப்பாக இருந்தால் வண்டி கவிழும். நாலு மூலையிலும் பெட்டியை டிரெய்லரோடு பூட்டும் ட்விஸ்ட் லாக் திரும்பியிருக்கிறதா என்று இருட்டில் குனிந்து தடவிப் பார்ப்பதும் அவர்தான். இவர்களைப் பற்றி நாற்பது நிமிட வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை. "டிரைவர் மாறிக்கொண்டே இருப்பார்கள், கவலைப்படாதீர்கள்" என்று ஒரு வாக்கியம் மட்டும் வருகிறது. என்னைத் தோற்றவன் என்றதை விட அதற்குத்தான் கோபம் வந்தது.

இன்னொரு விஷயம். வீடியோவை அனுப்பிய பதினொரு பேரில் ஒரு தம்பி இரண்டு டிரெய்லருக்குப் பேசி முடித்துவிட்டார். நேற்று போன் செய்து "அண்ணே, பயந்தா தொழில் பண்ண முடியுமா?" என்றார். பயப்படச் சொல்லவில்லை தம்பி. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் கேட்டுக்கு வெளியே போய் நில். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று ஒரு நோட்டில் எழுது. எம்ப்டி யார்டிலும் அதே மாதிரி இரண்டு நாள். அந்த மணி நேரத்தை வைத்து இருபது ட்ரிப் வருமா, பன்னிரண்டு வருமா என்று நீயே போட்டுப் பார். பன்னிரண்டிலும் தவணை கட்ட முடிந்தால் தாராளமாக இறங்கு, முதல் லோடுக்கு நானே கூட வருகிறேன்.

திங்கட்கிழமை அவர் முன்பணம் கட்டப் போகிறார். வீடியோவுக்குக் கீழே என் கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்குள் யாராவது பதில் சொல்லுங்கள்.