தேசிய கால்பந்து அணிக்கு வெளிநாட்டுப் பயிற்சியாளர் வரக்கூடாதா?

"தலைமைப் பயிற்சியாளர் அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது ஃபிஃபா (உலகக் கால்பந்து நிர்வாக அமைப்பு) விதி" என்ற தகவல் பரவுகிறது. இது தவறு. ஃபிஃபாவின் குடியுரிமைக் கட்டுப்பாடு ஆட்டக்காரர்களுக்குத்தான், பயிற்சியாளர்களுக்கு அல்ல. 2001இல் இங்கிலாந்து அணிக்கு ஸ்வீடனின் ஸ்வென் கோரன் எரிக்சன் வந்தார். 2025இல் அதே இங்கிலாந்து அணிக்கு ஜெர்மனியரான தாமஸ் டூகல் வந்தார். அதே 2025இல் பிரேசில், இத்தாலியரான கார்லோ அன்செலோட்டியை நியமித்தது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது: 1930 முதல் 2022 வரை உலகக் கோப்பை வென்ற எல்லாப் பயிற்சியாளர்களும் சொந்த நாட்டவர்களே. ஆனால் அது வரலாறு, விதியல்ல.

நியமிப்பது ஃபிஃபா அல்ல, அந்தந்த நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம். பொதுவாகத் தொழில்நுட்பக் குழு பட்டியலைச் சுருக்கும், நிர்வாகக் குழு ஒப்புதல் தரும். அங்கே பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டை அல்ல; பயிற்சியாளர் உரிமம், கிளப்போடு நடப்பு ஒப்பந்தம், பணி விசா ஆகியவற்றை. பல சம்மேளனங்கள் கோட்டைவிடுவது பயிற்சியாளருடன் போடும் ஒப்பந்தத்தின் விலகல் பிரிவில்தான் (ஒப்பந்தத்தைப் பாதியில் முடிப்பது பற்றிய பகுதி). இழப்பீட்டுத் தொகையை அதில் எழுதாமல், தகுந்த காரணமின்றிப் பாதியில் நீக்கினால், வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மீதிக் காலச் சம்பளமே இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படையாகும். இடையில் அவருக்கு வேறு வேலை கிடைத்தால் அந்த வருமானம் பொதுவாகக் கழிக்கப்படும்.