முனியம்மா ஹோம்ஸ் ஆனால் என்ன குறைந்துவிடும்?

சனிக்கிழமை மண்டபத்துத் தமிழ்க் கூட்டத்தில் நடந்ததை நான் திரும்பவும் விவரிக்கப் போவதில்லை. மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் தமிழ் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள். மீதிப் பேருக்கு வாட்சப்பில் வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

படிவம் ஐந்தில் படிக்கிற ஒரு பிள்ளை, யாரும் எழுதிக் கொடுக்காமல், தனக்குப் பிடித்ததைப் பற்றி மேடையில் பேசியது. ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளை வைத்து எடுத்த அமெரிக்கத் தொடர் 'எலிமெண்டரி'யில், ஹோம்ஸின் தோழர் வாட்சனாக லூசி லியூ நடித்ததுதான் தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றது. ஏன் என்று காரணமும் சொன்னது. உடனே சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கி, "வாட்சன் ராணுவ டாக்டர். அதுக்கு ஒரு சீனப் பொம்பளையா? இப்படியே விட்டா நாளைக்கு நம்ம தோட்டத்து முனியம்மாவுக்குத் தொப்பி மாட்டி ஹோம்ஸுன்னு நிறுத்துவாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் சொன்னதைக்கூட அவருடைய கருத்து என்று விட்டுவிடலாம். சிரித்தது நாம். நம்மில் எத்தனை பேருடைய பாட்டி பெயர் முனியம்மா?

முனியம்மா ஏன் ஹோம்ஸ் ஆகக் கூடாது? இந்தக் கேள்விக்கு எனக்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

"மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்" என்றார் அவர். சரி, மூலத்தையே பார்ப்போம். ஹோம்ஸ் என்றதும் நம் கண்ணில் தெரிகிற அந்தத் தொப்பி சிட்னி பேஜெட் வரைந்த படங்களால் நிலைத்தது. வளைந்த பைப், 1899இல் மேடையில் ஹோம்ஸாக நின்ற வில்லியம் கில்லெட்டால் வந்தது. நாம் மூலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற உருவத்திலேயே பாதி, ஓவியரும் நடிகரும் சேர்த்து வைத்தது. 1939இலிருந்து பாசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த படங்களில், கொஞ்ச காலத்திலேயே அவரை இரண்டாம் உலகப் போருக்குள் கொண்டுபோய் நாஜி உளவாளிகளைப் பிடிக்க வைத்துவிட்டார்கள். அதே படங்களில் நைஜல் புரூஸின் வாட்சன் ஒன்றும் புரியாமல் விழிக்கிற கிழவர். கதையில் வருகிற வாட்சன் அப்படிப்பட்ட ஆளே இல்லை. 'பாஸ்கர்வில்' நாவலில் பெரும் பகுதி அவர் தனியாக டார்ட்மூருக்குப் போய், பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஹோம்ஸுக்கு எழுதி அனுப்புகிறார். அந்த மனுஷனைக் கோமாளியாக்கியதைப் பற்றி விருந்தினர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது வெள்ளைக்காரர் நடித்த வாட்சன் என்பதால் விசுவாசக் கணக்கில் வராதா?

அவர் தலையில் வைத்துக் கொண்டாடிய பிபிசியின் 'ஷெர்லாக்'கையே எடுத்துக்கொள்வோம். எனக்கும் அது பிடிக்கும். 2010இல் முதல் கதை வந்தபோது, பைப்புக்குப் பதிலாகக் கையில் நிக்கோட்டின் பட்டையை ஒட்டிக்கொண்டு பெனடிக்ட் கம்பர்பேட்ச் யோசித்த அழகில் நானும் மயங்கினேன். வாட்சனாக மார்ட்டின் ஃப்ரீமன் பேசாமல் நிற்கும்போதே எவ்வளவு சொல்லிவிடுவார்! ஆனால் ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட் புத்தகத்தில் பருத்த உடம்புக்காரர், தொடரில் மார்க் கேட்டிஸ் ஒல்லி. புத்தகத்தில் ஹோம்ஸுக்குத் தங்கையே கிடையாது. 2017இல் யூரஸ் என்று ஒரு தங்கையை எங்கிருந்தோ கொண்டுவந்து கதையையே அவள் தலையில் ஏற்றினார்கள். இல்லாத தங்கை வரலாம், ஒல்லி மைக்ராஃப்ட் வரலாம், நிக்கோட்டின் பட்டை வரலாம். வாட்சன் மட்டும் பெண்ணாக, அதுவும் சீனப் பெண்ணாக வந்துவிட்டால் கதையை எழுதிய கோனன் டாயிலுக்குத் துரோகம். இதில் எந்த இடத்தில் இருக்கிறது விசுவாசம்?

இன்னொன்றும் சொல்கிறேன். 2011இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் டேனி பாயில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாடகம் போட்டார். இரண்டு நடிகர்கள். ஒருவர் விஞ்ஞானியாக நடிக்கும்போது மற்றவர் அவன் உருவாக்கிய ஜீவன், அடுத்த முறை மேடையேறும்போது அப்படியே மாற்றிக்கொள்வார்கள். அந்த இரண்டு பேர் யார் தெரியுமா? பெனடிக்ட் கம்பர்பேட்சும் ஜானி லீ மில்லரும். பிபிசியின் ஹோம்ஸ் ஒருவர், 'எலிமெண்டரி'யின் ஹோம்ஸ் மற்றவர். இரண்டு பேருக்கும் சேர்த்தே லண்டன் நாடக உலகின் ஒலிவியே விருது கொடுத்தார்கள். வேஷம் என்பது ஒருவர் பெயருக்கு எழுதி வைத்த பட்டா நிலம் இல்லை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் செய்வார்கள்.

லூசி லியூ செய்தார். 2012 தொடங்கி 2019 வரை, ஏழு சீசன், 154 அத்தியாயம். அவருடைய ஜோன் வாட்சன் அறுவை சிகிச்சை டாக்டராக இருந்தவர். ஒரு நோயாளி இறந்துபோனதால் அந்த வேலையையே விட்டுவிட்டு, போதையிலிருந்து மீண்டு வருகிற ஹோம்ஸுக்குத் துணையாகக் கூட இருக்க வருகிறார். முதலில் அவனைக் கவனிக்கிறார். அப்புறம் அவன் கவனிப்பதைக் கவனிக்கிறார். அதற்கப்புறம் தானே துப்பறிகிறார். மேடையில் அந்தப் பிள்ளை சொல்ல வந்தது இதைத்தான், முடிக்க விட்டிருந்தால்! "அவங்க கத்துக்கிட்டே வர்றாங்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஏழு சீசனையும் ஒரே வாக்கியத்தில் சொன்ன பிள்ளையை உட்கார வைத்துவிட்டோம்.

வாட்சனுடைய வேலை பார்ப்பது, எழுதி வைப்பது, கூட நிற்பது. இதற்கு மீசை வேண்டியதில்லை, வெள்ளைத் தோலும் வேண்டியதில்லை.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறைய பேருக்குத் தெரியாது. அம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். ரப்பர் தோட்டத்தில் கித்தா மரத்தில் பால் வெட்டப் போனவர். விடியற்காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டுகிற தீம்பாருக்குப் போய், பாலைச் சேர்த்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தால், கணக்கெழுதுகிற கிராணி வாளியைத் தராசில் வைப்பார், பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டுகிற மெட்ரோலாக்கை உள்ளே விட்டுப் பார்ப்பார், ஒரு எண்ணைச் சொல்லுவார். அவர் சொன்னதுதான் சம்பளம். அம்மாவுக்கு மெட்ரோலாக் படிக்கத் தெரியாது. எண் எழுதத் தெரியும். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களைச் சேர்த்து, ஓரத்தில் ஊசி நூலால் தைத்து வைத்திருந்தார். அதன் வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் பென்சிலால் எழுதுவார். கிராணி சொன்ன நிறை, மழை பெய்ததா இல்லையா, தராசில் நின்றது எந்தக் கிராணி. பென்சில் முனை தேய்ந்துபோனால் பால் கத்தியாலேயே சீவுவார். அதனால் அந்தத் தாள்களில் அங்கங்கே கித்தாப் பால் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருக்கும்.

சம்பள நாளில் சம்பளத் துண்டுச்சீட்டு வந்ததும் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பார். குறைந்தது. மறு மாசமும் குறைந்தது. மழையினால் என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா மழை நாளைத் தனியாகவும் வெயில் நாளைத் தனியாகவும் பிரித்து வைத்தார். மழைக்கும் குறைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஒரு கிராணி நிறை போட்ட நாட்களில் மட்டும்தான் துண்டில் எண் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காமார்களிடமும் கேட்டுப் பார்த்தார், அவர்களுக்கும் அதே கதைதான். தாள்களை எடுத்துக்கொண்டு தொழிற்சங்கத்துக்காரரிடம் போனார். அந்தக் கிராணியை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். பிடித்த காசு திரும்பி வரவில்லை. தீபாவளிக் கூட்டத்தில் சங்கத்துக்காரருக்கு மாலை போட்டார்கள். அம்மா பெயரை யாரும் எடுக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். மழையைத் தள்ளிவைத்துவிட்டு மிச்சமிருப்பதைப் பார்த்த என் அம்மாவுக்கும், பேக்கர் தெருவில் உட்கார்ந்திருந்த ஹோம்ஸுக்கும் மூளையில் என்ன வித்தியாசம்? முனியம்மா ஏன் ஹோம்ஸ் ஆகக் கூடாது?

"அப்படியென்றால் நாளைக்கு வெள்ளைக்காரன் ராஜராஜ சோழனாக நடித்தால் ஒத்துக்கொள்வாயா?" என்று கமெண்டில் ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும். ராஜராஜன் வாழ்ந்த மனுஷன், கல்வெட்டு இருக்கிறது. ஹோம்ஸ் கற்பனை. அவ்வளவுதான், இதில் நேரம் செலவழிக்க விருப்பமில்லை.

"கணக்குக் காட்டுவதற்காக ஒரு பெண்ணை, ஓர் ஆசிய முகத்தைப் போடுகிறார்கள்" என்பது இன்னொரு பேச்சு. அப்படிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அப்படிப் போட்ட முகத்தை ஓரமாக நிற்க வைப்பார்கள். ஏழு சீசன் கதையின் பாதியை அவர் கையில் கொடுக்க மாட்டார்கள். அப்புறம், ஜப்பானில் 2018இல் 'மிஸ் ஷெர்லாக்' வந்தது. யூகோ தாகேயூச்சி ஹோம்ஸ், ஹோம்ஸும் வாட்சனும் இரண்டு பேருமே பெண்கள், கதை நடப்பது தோக்கியோவில். அங்கே யாருக்குக் கணக்குக் காட்ட எடுத்தார்கள்? தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். நம் தமிழிலேயே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இங்கிலீஷ் துப்பறியும் கதைகளை எடுத்து, தமிழ் ஊரும் தமிழ்ப் பெயரும் வைத்து எழுதினார்கள். நம் தாத்தாக்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள். அவர்களுக்கு வராத கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது?

மூலம் மூலம் என்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்புகிற பக்கம் ஒன்று இருக்கிறது. 1913இல் வந்த 'சாகும் துப்பறிவாளர்' கதை. ஹோம்ஸ் சாகக் கிடப்பதுபோல் நடிக்கிறார். என்ன நோய் என்று கேட்டால், சுமத்ராவில் கூலிகளுக்கு வருகிற நோய் என்கிறார். வில்லன் கல்வர்ட்டன் ஸ்மித் சுமத்ராவில் தோட்டம் வைத்திருக்கிற துரை. அவன் தோட்டத்தில் நோய் பரவியது, பக்கத்தில் டாக்டர் இல்லை, அதனால் அவனே அந்த நோயை ஆராய்ந்தான் என்று வருகிறது. கதை அத்தோடு லண்டனுக்குப் போய்விடுகிறது. அந்தத் தோட்டத்தில் யார் செத்தார்கள், எத்தனை பேர் என்று ஹோம்ஸும் கேட்கவில்லை, வாட்சனும் கேட்கவில்லை. சுமத்ரா நமக்குத் தூரமா? மலாக்கா நீரிணையைத் தாண்டினால் சுமத்ரா. அங்கேயிருக்கிற டெலி வட்டாரத் தோட்டங்களுக்கு ஜாவாக்காரர்களோடும் சீனர்களோடும் நம் ஆட்களும்தான் கூலிக்குப் போனார்கள். ஹோம்ஸ் கதையில் நாம் ஏற்கெனவே இருக்கிறோம். பெயர் இல்லாமல், முகம் இல்லாமல், ஒரு நோயாக இருக்கிறோம்.

அதே கதையை 2017இல் பிபிசி எடுத்தது. ஸ்மித்தாக டோபி ஜோன்ஸ். ஆஸ்பத்திரிக்கு அள்ளிக் கொடுக்கிற பணக்காரனாக மாற்றினார்கள். என்ன பயங்கரமான நடிப்பு! ஆனால் தோட்டத்தை எடுத்துவிட்டார்கள். சுமத்ரா இல்லை, கூலி இல்லை. லூசி லியூ வந்ததும் மூலம் போச்சே என்று துடித்தவர்களில் ஒருவராவது, மூலத்தில் இருந்த தோட்டம் எங்கே என்று கேட்டீர்களா? விருந்தினர் தோட்டத்தில் பிறந்தவர். அவராவது கேட்டாரா? அந்தக் கதையைத் திரும்ப எடுக்கிற நாளில், அந்தத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, எங்கள் பக்கத்துச் சாவுகளை முதலில் விசாரியுங்கள் என்று கேட்டால் எப்படியிருக்கும்? எனக்கு அந்த ஹோம்ஸ் வேண்டும். அந்த முனியம்மா வேண்டும்.

கடைசியாக, "பெரியவரைப் பற்றி முகநூலில் எழுதலாமா" என்பவர்களுக்கு. நேற்று போன் பண்ணி இதைத்தான் சொன்னார்கள். "ஐயா தமிழுக்கு எவ்வளவு செய்திருக்கார், ஒரு வார்த்தை தவறி வந்துட்டது, விட்டுடுங்க அக்கா." அவர் செய்ததை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் பெயரைக்கூட எழுதவில்லை. ஆனால் மரியாதை என்பது ஏன் எப்போதும் கீழேயிருந்து மேலே மட்டும் போகிறது? ஐயாவுக்கு வருத்தம் வரக் கூடாது என்று பத்துப் பேர் கவலைப்படுகிறீர்கள். பதினேழு வயசுப் பிள்ளை மேடையிலிருந்து இறங்கி, நாற்காலியில் உட்காராமல், நேராகப் பின் கதவு வழியாக வெளியே போனதை ஒருவராவது எழுந்து போய்ப் பார்த்தீர்களா? நான் போவதற்குள் அப்பாவின் மோட்டாரில் ஏறிப் போய்விட்டது. பிள்ளைகள் தமிழ்க் கூட்டத்துக்கு வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் புலம்புகிறோம். வந்த பிள்ளையை இப்படி அனுப்பினால் அடுத்த தடவை எதற்கு வரும்? வீட்டில் போனில் லூசி லியூவைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடும். அங்கே அவமானம் இல்லையே.

சிரித்தவர்கள் பலர் என் நண்பர்கள். இதைப் படித்துவிட்டு என்னை நீக்க வேண்டுமென்றால் நீக்கிக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தம் இருக்கும். ஆனால் எழுதியதை அழிக்க மாட்டேன்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பிள்ளை பேச்சைத் தொடங்கின இடத்திலிருந்து முடிக்கிறவரை, நடுவில் யாரும் மைக்கை வாங்காமல், பேச விட வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். பிள்ளையின் அம்மா, அப்பா இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊர் முன்னால் ஏன் பேசினாய் என்று அதைத் திட்டாதீர்கள். நன்றாகப் பேசியது.